தென்னை மரத்தடியில் ஒரு சடலம்: ‘கோஸி’ மர்மக்கதையைப் படிப்பது எப்படி?

“ரயிலில் படிக்க லேசாக ஒரு துப்பறியும் கதை சொல்லுங்கள்” என்று யாராவது கேட்டால், கரீபியன் தீவிலோ சிங்கப்பூரிலோ நடக்கும் கதை ஒன்றைச் சொல்வது என் வழக்கம். உடனே அடுத்த கேள்வி வரும்: “அதில் மூளைக்கு வேலை இருக்குமா, இல்லை சும்மா டைம்பாஸா?”

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு குழப்பம் இருக்கிறது. கொலையும் நகைச்சுவையும் ஒரே புத்தகத்தில் இருந்தால் அதில் புதிர் கொஞ்சம் சுமாராகத்தான் இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். கடற்கரையும் தென்னை மரமும் அட்டைப்படத்துக்காகப் போட்டது என்று அடுத்த முடிவுக்கும் வந்துவிடுகிறார்கள். நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்தேன். சாப்பாட்டு வர்ணனை வந்தால் இரண்டு பக்கம் தள்ளிவிடுவேன். கடைசி அத்தியாயத்தில் விடை அந்த இரண்டு பக்கத்துக்குள்ளேயே இருந்தது தெரிந்து முழித்ததுண்டு. ஒரு முறை இல்லை, மூன்று முறை.

இந்த வகைக்கு ஆங்கில வாசகர்கள் வைத்திருக்கும் பெயர் கோஸி. கதகதப்பானது, சொகுசானது என்று பொருள். தேநீர்க் கெண்டி ஆறாமல் இருக்க மேலே போர்த்துகிற கம்பளி உறைக்கும் அங்கே இதே பெயர்தான். பொருத்தமாகத்தான் இருக்கிறது.

முறுக்கு டப்பா காணாமல் போன அறை

ஹாஸ்டலில் இருந்தவர்களுக்கு இது புரியும். ஊரிலிருந்து அம்மா ஒரு டப்பா முறுக்கு கொடுத்தனுப்புகிறார். அறையில் நான்கு பேர். இரவு பூட்டிவிட்டுப் படுக்கிறீர்கள், காலையில் பாதி டப்பா காலி. வெளியிலிருந்து ஆள் வர வழியில்லை. ஆக, எடுத்தவன் இந்த நான்கு பேரில்தான் இருக்கிறான். யாருக்கும் பெரிய துக்கம் இல்லை, ஆனால் விசாரணை மட்டும் மும்முரமாக நடக்கிறது. எவன் கட்டிலுக்கடியில் துகள் கிடக்கிறது, எவன் காலையில் டிபன் வேண்டாம் என்றான், எவன் தேவைக்கு அதிகமாகக் கோபப்படுகிறான் என்று.

கோஸி மர்மக்கதையின் எலும்புக்கூடு இவ்வளவுதான். சந்தேகப்பட வேண்டியவர்கள் ஒரு சின்னக் கூட்டம். அவர்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது. இதற்கு மூடிய வட்டம் என்று பெயர். முறுக்குக்குப் பதில் ஓர் உயிர் போயிருக்கும். ஆனால் அந்தச் சாவு பெரும்பாலும் மேடைக்கு வெளியில் நடக்கும். ரத்தத்தையும் சித்திரவதையையும் ஆசிரியர் விவரித்துக் கொண்டிருக்க மாட்டார். துப்பறிகிறவரும் பெரும்பாலும் போலீஸ்காரர் இல்லை. பாட்டி, சமையல்காரி, ஓய்வு பெற்ற வாத்தியார், இப்படி யாராவது இருப்பார்கள். போலீஸ்காரராக இருந்தாலும் துப்பாக்கியைவிட வாயையும் காதையும் அதிகம் பயன்படுத்துகிறவராக இருப்பார்.

கொலைகூட கட்டாயம் இல்லை. போட்ஸ்வானாவின் தலைநகர் கபரோனியில் ஒரு பெண்மணி துப்பறியும் நிறுவனம் நடத்தும் நாவல் வரிசை 1998இல் தொடங்கியது. அதில் வரும் வழக்குகளில் பல, ஊர்சுற்றும் கணவன், காணாமல் போன ஆள் என்றுதான் இருக்கும். (அதையும் வெப்பமண்டலக் கதை என்று சிலர் பட்டியலில் சேர்க்கிறார்கள். வெப்பமண்டலம் என்பது பூமத்திய ரேகைக்கு இருபுறமும் சுமார் 23.5 டிகிரி வரை. கபரோனி அதன் தெற்கு எல்லைக்குச் சற்று வெளியே, பாலைவனத்தை ஒட்டிய வறண்ட ஊர். போகட்டும், கதை நன்றாக இருக்கிறது.)

இதுவரை பார்த்தது: சின்னக் கூட்டம், திரைக்குப் பின்னால் நடக்கும் சாவு, அக்கம்பக்கத்து ஆள் மாதிரி ஒரு துப்பறிவாளர். இது வெளித்தோற்றம். உள்ளே ஓடும் எந்திரம் வேறு.

விடையை உங்கள் கண் முன்னாலேயே வைப்பது

குறுக்கெழுத்துப் போட்டியின் விடை அடுத்த வாரம் வருகிறது. பார்த்ததும் “அட, இதுகூடத் தெரியவில்லையே” என்று தலையில் அடித்துக்கொண்டால் அது நல்ல குறிப்பு. “இந்த வார்த்தையை எங்கிருந்து பிடித்தார்கள்?” என்று கடுப்பானால் மோசமான குறிப்பு. கோஸியும் அப்படித்தான். துப்பறிகிறவருக்குக் கிடைத்த தடயம் எல்லாம் வாசகருக்கும் கிடைத்திருக்க வேண்டும். இதை ஃபேர் ப்ளே என்பார்கள். நேர்மை விதி என்று நாம் வைத்துக்கொள்ளலாம்.

இங்கிலாந்தில் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929இல் துப்பறியும் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். யாரும் கண்டுபிடித்திராத விஷத்தைப் பயன்படுத்தக் கூடாது, துப்பறிகிறவர் கண்ட தடயத்தை வாசகரிடம் மறைக்கக் கூடாது என்றெல்லாம் போகும். மறு ஆண்டு லண்டனில் எழுத்தாளர்கள் சேர்ந்து டிடெக்‌ஷன் கிளப் என்று ஒரு சங்கம் அமைத்தார்கள். உறுப்பினராகச் சேர வேண்டுமானால், இதே ரீதியில் அரை விளையாட்டாக ஒரு சத்தியம் செய்ய வேண்டும்.

இங்கே நமக்குப் பழக்கமான ஒருவரை நினைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 1940களில் ஆனந்த விகடனில் தேவன் எழுதிய துப்பறியும் சாம்பு. சிரிப்புக்குக் குறைவே இல்லை. ஆனால் சாம்பு வழக்கைத் தீர்ப்பது அசட்டு அதிர்ஷ்டத்தால். அவர் தடுக்கி விழுகிற இடத்தில் திருடன் அகப்படுவான். நாமாக யோசித்து அவரை முந்த முடியாது. முந்த வேண்டும் என்று தேவன் நினைக்கவும் இல்லை. அது துப்பறியும் கதையை வைத்துச் செய்த நகைச்சுவை. கோஸியில் சிரிப்பும் இருக்கும், நீங்கள் ஜெயிக்க ஒரு வாய்ப்பும் இருக்கும். வேடிக்கையான துப்பறிவாளர் இருக்கிறார் என்பதற்காக எல்லாவற்றையும் கோஸி என்று சொல்லிவிட முடியாது.

சிரிப்பு ஒரு போர்வை

நேர்மை விதியால் ஆசிரியருக்கு ஒரு சிக்கல். தடயத்தை வாசகரிடம் காட்டியே ஆக வேண்டும், ஆனால் வாசகர் அதைக் கவனிக்கவும் கூடாது. என்ன செய்வது?

மேஜிக் காட்டுகிறவர் சும்மா இருக்க மாட்டார். பேசிக்கொண்டே இருப்பார். முன் வரிசைப் பையனைக் கிண்டல் செய்வார், எல்லோரும் சிரிக்கிற அந்த ஒரு நொடியில் சீட்டு கை மாறியிருக்கும். சிரிக்கிற மனம் சந்தேகப்படாது. கோஸி எழுதுகிறவர்கள் பிழைப்பதே இதில்தான். அத்தையின் புலம்பல், சமையலறைச் சண்டை, வேலைக்காரரின் அலுப்பு, ஊர்வம்பு என்று சிரிக்க வைக்கும் இடங்களில் தடயத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நாம் அதை ‘கலர்’ என்று எடுத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்புவோம்.

இதற்கு நேர்மாறான தந்திரமும் உண்டு. ஒன்றுக்கும் உதவாத ஒரு பொருளை, நள்ளிரவு, மின்னல், திகில் எல்லாம் சேர்த்துப் பெரிதாகக் காட்டுவது. நாம் அதன் பின்னாலேயே ஓடுவோம். இப்படிப் பொய்த்தடம் போடுவதற்கு ரெட் ஹெர்ரிங் என்று பெயர். இந்த வகைக் கதைகளில் நான் கண்ட அனுபவக் கணக்கு ஒன்றுதான்: எது பயமுறுத்துகிறதோ அதை விட்டுவிடலாம், எது சிரிக்க வைக்கிறதோ அதைப் பென்சிலால் குறித்து வைக்க வேண்டும்.

வெயிலுக்கு இதில் என்ன வேலை?

கரீபியன் தீவில் ஒரு கடற்கரை விடுதி என்று வைத்துக்கொள்வோம். இது நானே உங்களுக்காகக் கட்டுகிற குட்டிக் கதை. அங்கே அறைகளைச் சுத்தம் செய்யும் ஓர் அக்கா. முதல் அத்தியாயத்திலேயே அவர் மேலாளரிடம் மல்லுக்கு நிற்கிறார். “ராத்திரி முழுக்க ஏ.சி.யைப் பதினெட்டில் வைத்துக்கொண்டு இவர்கள் தூங்குவார்கள், விடிந்தால் நான் ஏணி போட்டு ஒவ்வொரு ஜன்னலாகத் துடைக்க வேண்டுமா? இங்கிலாந்தில் குளிராதா என்ன, அதைத் தேடி இங்கே எதற்கு வருகிறார்கள்?” மேலாளர் பதில் தெரியாமல் முழிக்கிறார். நாம் சிரிக்கிறோம்.

மூன்றாவது அத்தியாயத்தில் ஒரு விருந்தினர் கடற்கரையில் செத்துக் கிடக்கிறார். பக்கத்து அறைக்காரர் சாட்சி சொல்கிறார்: “இரவு பத்து மணிக்கு வெளியே சத்தம் கேட்டது. ஜன்னல் கண்ணாடியில் பனி படிந்திருந்தது. உள்ளங்கையால் துடைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். அந்த உயரமான ஆள் மணலில் ஓடினான்.” லண்டனிலிருந்து வந்த அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொள்கிறார். அவருக்கு அதில் தப்பே தெரியவில்லை. அவர் ஊரில் அப்படித்தான்.

உங்களுக்குத் தெரிகிறதா? குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய டம்ளரை மேஜைமேல் வைத்தால் வெளிப்பக்கம் வியர்க்கும். காற்றில் இருக்கும் ஈரம், குளிர்ந்த பரப்பைத் தொட்டதும் நீர்த்துளியாகிவிடுகிறது. வெயில் தேசத்தில் ஈரமும் சூடும் இருப்பது அறைக்கு வெளியே. ஏ.சி. அறையின் கண்ணாடி உள்ளிருந்து குளிர்கிறது, ஆகவே துளி படிவது வெளிப்பக்கம். சென்னையில் ஏ.சி. பேருந்தில் போகிறவர்கள் தினமும் பார்ப்பதுதான். குளிர் தேசத்தில் இது தலைகீழ்: சூடும் மூச்சின் ஈரமும் உள்ளே, குளிர் வெளியே. அங்கே உள்ளங்கையால் துடைத்துவிட்டு எட்டிப் பார்க்கலாம். இங்கே உள்ளிருந்து எவ்வளவு துடைத்தாலும் ஒன்றும் தெரியாது.

அந்தச் சாட்சி ஜன்னலுக்குப் பக்கத்திலேயே போகவில்லை. தன் ஊர் ஞாபகத்தில் ஒரு பொய்யைக் கட்டியிருக்கிறார். அதைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள், தினமும் வெளியே ஏணி போட்டு நிற்கும் அந்த அக்கா. முதல் அத்தியாயத்தில் நாம் சிரித்துவிட்டுக் கடந்தோமே, தடயம் அங்கேதான் இருந்தது.

வெப்பமண்டலக் கோஸி நன்றாக அமைந்தால் இப்படித்தான் இருக்கும். இடத்தின் இயற்கையே புதிரின் விதியாகிவிடும். இன்னும் சில விதிகள்:

உயிருள்ள உடம்பின் சூடு 37 டிகிரி. குளிர்ந்த அறையில் சடலம் மணிக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி வீதம் ஆறும் என்பது பழைய தோராயக் கணக்கு. அதை வைத்துத்தான் “இறந்தது எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவில்” என்று டாக்டர் சொல்வார். 33 டிகிரி வெயிலில், ஓலைக் குடிசையில் கிடக்கும் உடம்பு எங்கே ஆறுவது? கணக்கு தடுமாறுகிறது. கொலைகாரன் நடுவில் நான்கு மணி நேரம் ஏ.சி.யைப் போட்டு அணைத்திருந்தாலோ சொல்லவே வேண்டாம். அலிபி, அதாவது குற்றம் நடந்த நேரத்தில் நான் வேறிடத்தில் இருந்தேன் என்ற சாக்கு, முழுக்க இந்த நேரக் கணக்கின் மேல் நிற்கிறது. மின்வெட்டு எத்தனை மணிக்கு வந்தது என்று பாத்திரங்கள் சலித்துக்கொள்வதைக் கவனமாகப் படியுங்கள்.

பகலும் அப்படியே. லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரம் நீளும், டிசம்பரில் எட்டு மணி நேரத்துக்கும் கீழே போய்விடும். பார்படோஸில் ஆண்டின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தைத் தொடாது, மிகக் குறுகியது 11 மணி நேரத்துக்கு மேல். சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்தி சட்டென்று முடிந்துவிடும். “எட்டு மணிக்கு இன்னும் வெளிச்சம் இருந்தது, அவர் முகத்தைப் பார்த்தேன்” என்று அங்கே ஒருவர் சொன்னால் அவரைக் கொஞ்சம் உட்கார வைத்து விசாரிக்க வேண்டும்.

கடல் ஏற்றவற்றத்தில்தான் எழுத்தாளர்களே சறுக்குவதுண்டு. மும்பைக் கடற்கரையில் நீர்மட்டம் நான்கைந்து மீட்டர் வரை ஏறி இறங்கும். காலடிச் சுவட்டைக் கடல் விழுங்கிவிடும். கரீபியன் கடலில் பெரும்பாலான இடங்களில் அரை மீட்டர்கூட இருக்காது. அங்கே “அலை வந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டது” என்று எழுதினால் ஊர்க்காரர் சிரிப்பார்.

அப்புறம் புயல். இங்கிலாந்துக் கதைகளில் பனி விழுந்து பாதை அடைபடும், மாளிகைக்குள் பத்துப் பேர் மாட்டிக்கொள்வார்கள். அட்லாண்டிக் புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. படகு நின்றுபோனால் தீவே ஒரு பூட்டிய அறைதான். மூடிய வட்டத்துக்கு இதைவிட வசதி வேறு எங்கே கிடைக்கும்?

விஷத்துக்கும் பஞ்சமில்லை. கரீபியன் கடற்கரைகளில் மான்சினீல் என்று ஒரு மரம். பச்சை ஆப்பிள் மாதிரி சின்னப் பழம். பால் பட்டால் தோல் வெந்துபோகும், மழையில் அதன் அடியில் ஒதுங்கினால்கூடக் கொப்புளம் வரும். பல தீவுகளில் அடிமரத்தில் சிவப்பு வளையம் பூசி எச்சரிப்பார்கள். உள்ளூர்க் குழந்தைக்குத் தெரிந்தது சுற்றுலாப் பயணிக்குத் தெரியாது. ஆனால் நேர்மை விதி இங்கேயும் பொருந்தும். சிவப்பு வளையத்தை முன்பே ஒரு முறை, போகிற போக்கில், காட்டிவிட்டுத்தான் ஆசிரியர் அதைப் பயன்படுத்தலாம்.

சுருக்கமாக: வெயில், ஈரம், அந்தி, கடல், மரம் எல்லாமே அந்த ஊர்க்காரருக்குச் சாதாரணம், வெளியாளுக்குத் தெரியாதது. அந்த இடைவெளியில்தான் புதிரும் நகைச்சுவையும் சேர்ந்தே பிறக்கின்றன. பி.பி.சி.யில் 2011 முதல் வரும் ‘டெத் இன் பாரடைஸ்’ தொடர், கம்பளி சூட்டைக் கழற்ற மறுக்கும் ஓர் ஆங்கிலேய அதிகாரியைக் கரீபியன் வெயிலில் நிறுத்தித்தான் தொடங்கியது. கதைப்படி அது பிரிட்டனுக்குச் சொந்தமான தீவு. படம் பிடிப்பதோ பிரான்சுக்குச் சொந்தமான குவாதலூப்பில். அதுவே தனிக் காமெடி.

ஜன்னல் துடைக்கிறவர் எப்போது துப்பறிவாளர் ஆனார்?

இந்த வகையில் ஒரு பழைய கோளாறும் உண்டு. அகதா கிறிஸ்டியின் ‘எ கரீபியன் மிஸ்டரி’ 1964இல் வந்தது. நிமோனியாவிலிருந்து எழுந்த துப்பறியும் பாட்டி மிஸ் மார்ப்பிளை, அக்கறையுள்ள உறவுக்காரர் ஒருவர் கற்பனைத் தீவான செயின்ட் ஹொனரேக்கு அனுப்பிவைக்கிறார். பாட்டிக்கு அங்கே சலிப்பாக இருக்கிறது. தினமும் அதே வெயில், அதே தென்னை, ஒன்றுமே நடப்பதில்லை. பின்னலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். பிரமாதமான கிண்டல். ஆனால் கதையின் நடுவே வருவதைக் கொஞ்சம் உடைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது: இறந்தவரின் அறையில் இருந்த மாத்திரைப் புட்டி முன்பு அங்கே இல்லை என்று கவனித்தவள், அறை சுத்தம் செய்யும் உள்ளூர்ப் பெண். துப்பறியும் கண் அவளுக்குத்தான் இருந்தது. ஆனால் கதை அவளுக்குக் கொடுத்த இடம் துப்பறிவாளருடையது இல்லை, அடுத்த பலியினுடையது.

உள்ளூர்க்காரரை நாயகராக்கும் முயற்சி அதற்கு முன்பே நடந்திருக்கிறது. 1925இல் ஹவாயைக் களமாக வைத்து எழுதப்பட்ட நாவலில் சார்லி சான் என்ற சீன வம்சாவளித் துப்பறிவாளர் வந்தார். ஹொனலூலு போலீஸில் அதே காலத்தில் துப்பாக்கிக்குப் பதில் சாட்டையோடு திரிந்த சாங் அபானா என்ற நிஜ அதிகாரி இருந்தார். இவரையும் அவரையும் சேர்த்தே பேசுவார்கள். ஆனால் சார்லி சானை எழுதியவர் வெளியாள். சானின் பேச்சைப் பழமொழிக் கோவையாக்கிவிட்டார் என்ற குறை இன்றுவரை தீரவில்லை.

நிலைமை மாறியது வெயிலில் வளர்ந்தவர்கள் எழுதத் தொடங்கிய பிறகு. சிங்கப்பூரின் ஒவிடியா யூ படைத்த ஆன்ட்டி லீ, பெரனாக்கன் (சீனமும் மலாயும் கலந்த பண்பாடு) உணவகம் நடத்தும் பணக்கார விதவை. ஊட்டி ஊட்டியே வாயைப் பிடுங்குவார். அவருடைய உதவியாளர் நீனா பிலிப்பைன்ஸிலிருந்து வந்த பணிப்பெண். பல நேரம் முதலாளியைவிட நீனாவின் கண்தான் கூர்மை. முதல் புத்தகம் 2013இல் வந்தது. ஷமினி ஃப்ளின்ட் படைத்த சிங்கப்பூர் போலீஸ்காரர் இன்ஸ்பெக்டர் சிங் 2009இல் கோலாலம்பூர் வழக்கோடு அறிமுகமானார். தலைப்பாகை, தொந்தி, வெள்ளை ஸ்னீக்கர்ஸ், ஓயாத சிகரெட். மேலதிகாரிகளுக்கு இவரைக் கண்டாலே ஆகாது, அதனால் வெளிநாட்டு வழக்கு வந்தால் இவரைத் தள்ளிவிடுவார்கள். சிங் கதைகளைக் கோஸி என்று நான் முழுமனதாகச் சொல்ல மாட்டேன். பாலி குண்டுவெடிப்பு போன்ற கனமான சங்கதிகள் உள்ளே வருகின்றன. மனிதர் மட்டும் சிரிக்க வைக்கிறார்.

எதிலிருந்து தொடங்குவது?

சாப்பாடு பிடிக்குமென்றால் ஆன்ட்டி லீ. கொஞ்சம் அரசியலும் வேண்டுமென்றால் சிங். பழைய வேலைப்பாட்டைப் பார்க்க வேண்டுமென்றால், மேலே சொன்ன குறையோடேயே, கிறிஸ்டியின் தீவு. புதிதாகத் தொடங்குகிறவர்களை நான் இந்த மூன்றாவதற்குத்தான் அனுப்புவேன், ஒரே ஒரு காட்சிக்காக.

ஒரு வயதான மேஜர். யார் கிடைத்தாலும் பழங்கதை பேசி அறுப்பவர். மிஸ் மார்ப்பிள் பின்னிக்கொண்டே தலையாட்டுகிறார், மனம் அங்கே இல்லை. “ஒரு கொலைகாரனின் படம் பார்க்கிறீர்களா?” என்று மேஜர் பர்ஸிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுக்கிறார். நீட்டப் போகும்போது பாட்டியின் தோளுக்கு மேலாக எதையோ பார்க்கிறார். முகம் சிவக்கிறது. படத்தைத் திரும்பத் திணித்துவிட்டு, சத்தமாக வேறு ஏதோ பேச ஆரம்பிக்கிறார். மறுநாள் அவர் உயிரோடு இல்லை.

விடைக்குத் தேவையானது முழுக்க அந்த அறுவை மேஜரைப் பற்றிய வரிகளில் இருக்கிறது. அங்கே மட்டும் பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள்.